குடும்பம் என்றால் ஆறு பேர்

1983-ல் கலிஃபோர்னியாவில் போர்லாண்ட் என்றொரு சின்ன கம்பெனி, டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தது. நடத்தியவர் பிலிப் கான் என்ற பிரெஞ்சுக்காரர். நிரல் எழுதுகிறவர்களுக்கான கருவி, விலை 49.95 டாலர். மற்ற கம்பெனிகள் இதே வேலைக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்டுக்கொண்டிருந்ததால் சரக்கு பறந்தது. ஆனால் கம்ப்யூட்டர்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்வது அதன் விலையை அல்ல, அதனோடு வந்த உரிம ஒப்பந்தத்தைத்தான். வக்கீல் பாஷையில் பக்கம் பக்கமாக மிரட்டாமல், இதை ஒரு புத்தகம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்தக் கம்ப்யூட்டருக்கும் எடுத்துப்போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஓடக் கூடாது. ஒரே பிரதியை இரண்டு பேர் இரண்டு வீட்டில் உட்கார்ந்து ஒரே சமயத்தில் படிக்க முடியாதல்லவா, அதுபோல.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் டிஜிட்டல் கடைகள் எல்லாம் இந்த ஒரு பத்தியிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப்போய், எப்படிச் சுற்றி வந்தன என்பதுதான் இந்தக் கதை. வழியில் அவை ஒரு விசித்திரமான வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டன. குடும்பம் என்றால் யார் என்று வரையறுக்கும் வேலை.

புத்தகத்துக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடராக வந்தபோது, தமிழ் வீடுகளில் வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். அந்த பைண்டு பாட்டியிடமிருந்து அத்தைக்கும், அத்தையிடமிருந்து எதிர்வீட்டுக்கும், அங்கிருந்து யாருடைய கல்யாணப் பெட்டியிலோ ஏறி வேறு ஊருக்கும் போனது. வாங்கியவர் யார், படித்தவர் யார் என்று பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வரவில்லை. இரவல், ஓசி, கைமாற்று என்று இதற்கெல்லாம் பெயர் வைத்திருந்தோம். அதில் ஓசிக்குத்தான் கொஞ்சம் இளக்காரம்.

இந்தச் சுதந்திரத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் இருந்தது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலின் உள்ளே, ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சடித்து வைத்தது. மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-ல் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஒரு தடவை விற்றுக் காசு வாங்கிவிட்டால், அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்குப் பிடி இல்லை. விற்கலாம், இரவல் தரலாம், மகளுக்குச் சீதனமாகவும் கொடுத்தனுப்பலாம்.

டிஜிட்டல் சரக்கு இந்த விதிக்குள் வரவே இல்லை. அங்கே ‘வாங்கு’ என்று பொத்தான் இருந்தாலும் நடப்பது விற்பனை அல்ல, அனுமதி. யாருக்கு அனுமதி என்ற கேள்வி அப்போதே தொற்றிக்கொண்டது.

ஆரம்பத்தில் பதில் சுலபமாக இருந்தது. 1990-களில் அமெரிக்க வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவந்த ஏஓஎல், ஒரு சந்தாவுக்கு ஐந்து பெயர்களும் பின்னாளில் ஏழு பெயர்களும் கொடுத்தது. முதல் பெயர் சந்தா கட்டுகிறவருடையது. பிள்ளைகள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அவர் பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். எல்லாமே ஒரே தொலைபேசிக் கம்பி வழியாக நடந்தது. மகன் அரட்டையில் இருக்கும்போது அம்மா ரிசீவரை எடுத்தால் போச்சு. அந்தக் கம்பி எட்டும் தூரமே குடும்பத்தின் எல்லை. அதை யாரும் கண்காணிக்க வேண்டியிருக்கவில்லை.

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் ஐடியூன்ஸ் இசைக்கடையைத் திறந்தது. பாட்டு ஒன்று 99 சென்ட். ஒவ்வொரு பாட்டும் ‘ஃபேர்பிளே’ என்ற பூட்டோடு வந்தது. வாங்கிய பாட்டை மூன்று கம்ப்யூட்டரில் கேட்கலாம் என்றார்கள், அடுத்த ஆண்டு அதை ஐந்தாக்கினார்கள். இங்கே எண்ணப்பட்டது ஆட்கள் அல்ல, பெட்டிகள். அப்பாவின் ஆபீஸ் லேப்டாப், ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப், கல்லூரிக்குப் போன மகளின் மேக்புக் எல்லாம் கணக்கில் சேரும். பழைய பெட்டியை ‘டீ-ஆதரைஸ்’ செய்யாமல் ஃபார்மட் அடித்துவிட்டால், பிறகு அந்த இடம் பேய்க்கு ஒதுக்கிய இலை மாதிரி நிரம்பியே இருக்கும். ஐந்தும் இப்படித் தீர்ந்துபோனவர்களுக்காக, வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தத்தையும் துடைத்துப்போட ஒரு பொத்தான் வைத்தார்கள்.

2007-ல் ஐஃபோன் வந்ததும் பெட்டிக் கணக்கு குழம்பியது. ஃபோன் ஆளுக்கு ஒன்று, வாங்கிய பாட்டும் ஆப்பும் ஒரே ஐடியில். எனவே வீடு முழுவதும் அந்த ஒரே ஐடியைப் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது வேடிக்கை. 2011-ல் ஐமெசேஜ் வந்தபோது, மகளுக்கு வந்த செய்தி ஹாலில் கிடந்த ஐபேடில் எட்டிப் பார்த்தது. அம்மாவின் தொடர்புப் பட்டியல் மகன் ஃபோனில் இறங்கியது. அந்தரங்கத்தைச் சந்திக்கு இழுக்காமல் பொருளை மட்டும் பகிர வழி இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி குழந்தைகளிடமிருந்து வந்தது. அன்றைய ஐஃபோனில் ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டால் அடுத்த 15 நிமிடங்களுக்குத் திரும்பக் கேட்காது. அப்பா ஒரு இலவச விளையாட்டை இறக்கி, பாஸ்வேர்ட் போட்டு, ஃபோனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார். விளையாட்டுக்குள்ளே ஸ்மர்ஃப் என்ற குட்டி நீல மனிதர்கள் கிராமம் கட்டிக்கொண்டிருப்பார்கள். பயிர் சீக்கிரம் வளர ‘ஸ்மர்ஃப்பெர்ரி’ பழம் வேண்டும். ஒரு வண்டிப் பழம் 99.99 டாலர், நிஜ டாலர். திரையில் அதுவும் ஒரு பொம்மை வண்டிதான். 2011 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதிய செய்தியில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி 1,400 டாலருக்குப் பழம் வாங்கியிருந்தாள். செல்லப்பிராணி ஹோட்டல் நடத்தும் இன்னொரு விளையாட்டில் ஒரு தாயாருக்கு வந்த பில் 2,600 டாலர். இது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் புகார் மனுவிலேயே இருக்கிறது.

அந்த ஆணையம் விடவில்லை. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் 1.9 கோடிக்குச் சம்மதித்தது. அமேசான் வழக்காடிப் பார்த்துத் தோற்றது.

ஆப்பிள் அந்தச் சமரசத்தின் சூடு ஆறுவதற்குள், 2014 ஜூனில் ‘ஃபேமிலி ஷேரிங்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. செப்டம்பரில் அது எல்லார் ஃபோனுக்கும் வந்தது. ஆளுக்கொரு ஐடி, மொத்தம் ஆறு பேர், வாங்கியது பொது. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கும் தனி ஐடி. அது எதையாவது வாங்க நினைத்தால் பெற்றோர் ஃபோனுக்கு ஒரு விண்ணப்பம் வரும். அப்பா மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு ஒப்புதல் கொடுக்கலாம், மறுக்கலாம். அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் எடுக்கும் அந்தக் கலையின் கடைசி வாய்ப்பும் இதோடு போயிற்று.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நுட்பமான கொக்கி இருந்தது. ஆறு பேர் ஒரே ரத்தமா, ஒரே வீடா என்று ஆப்பிள் கேட்கவில்லை. ஆறு பேரும் வாங்குவதற்கு ஒருவருடைய கிரெடிட் கார்டு பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டது. ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேரைக் குடும்பமென்று சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. அவர்கள் வாங்குவதெல்லாம் நம் கார்டிலிருந்து போகட்டும் என்ற துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான். உன் கார்டை யாரிடம் தைரியமாகக் கொடுப்பாயோ அவர்தான் உன் குடும்பம். இதுவரை எந்தக் கம்பெனியும் எழுதிய குடும்ப இலக்கணங்களில் நடைமுறை அறிவு மிகுந்தது இதுதான்.

ஆனால் குடும்பம் மாறிப் போகும்போதுதான் சிக்கல். ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு குடும்பத்தில்தான் இருக்கலாம், ஆண்டுக்கு ஒரு தடவைதான் மாறலாம். கல்யாணமாகிக் கணவனின் குழுவுக்குப் போகும் பெண், அப்பா வாங்கி அவள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த படத்தையும் ஆப்பையும் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். டிஜிட்டல் பொருளில் சீதனம் கிடையாது. பாகப்பிரிவினையும் இல்லை. ஆட்டுக்கல்லைக்கூட யாருக்கு என்று எழுதிப் பங்குபோட்ட ஊரில், இரண்டாயிரம் பாட்டைப் பிரிக்க ஒரு பத்திரம் இல்லை.

விளையாட்டுக் கடைகள் இதே பிரச்சினையை வேறு வழியில் அணுகின. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரத்துக்கான விதிகளை அறிவித்தது. டிஸ்க் கடையில் வாங்கினாலும் விளையாட்டு அக்கவுண்டோடு கட்டப்படும், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இயந்திரம் இணையத்தைத் தொட வேண்டும். அதற்கு ஈடாக ஒரு பெரிய சலுகையும் இருந்தது: பத்து குடும்பத்தினர், எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் விளையாட்டுகளை ஆடலாம். இந்தச் சலுகையை யாரும் காதில் வாங்கவில்லை. நண்பனிடம் டிஸ்க்கை இரவல் கொடுக்க முடியாதாமே என்ற கோபம் மட்டும் பரவியது. போட்டிக் கம்பெனியான சோனி, தன் இயந்திரத்தில் விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று ஒரு குறும்படம் வெளியிட்டது. ஒரு அதிகாரி டிஸ்க் பெட்டியை இன்னொருவர் கையில் நீட்டுகிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார், படம் முடிந்தது. அரை நிமிடம்கூட ஓடாது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் எல்லா விதிகளையும் வாபஸ் வாங்கியது, பத்துப் பேர் சலுகையும் அதோடு போனது.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஸ்டீம் கடை 2014 பிப்ரவரியில் பகிர்வைத் திறந்துவிட்டது. ஆனால் பொருளுக்குப் பதில் அலமாரியைப் பூட்டியது. அண்ணனிடம் இருநூறு விளையாட்டு இருந்தாலும், அவன் அதில் ஒன்றைத் திறந்த நிமிடம் தம்பிக்கு மற்ற நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதும் மூடிக்கொள்ளும். அப்பா ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் வீட்டு அலமாரி முழுக்கத் தானே தாழ் போட்டுக்கொண்ட மாதிரி. பத்தாண்டு கழித்து, 2024 செப்டம்பரில்தான் அந்தப் பூட்டு விலகியது. இப்போது ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர் ஆடலாம், மற்றவை மற்றவர்களுக்குத் திறந்தே இருக்கும். போர்லாண்ட் 80-களில் ஒரு பத்தியில் சொன்னதும் அதேதான். ஸ்டீம் சொல்லும் குடும்பத்திலும் ஆறு பேர், ஒரே வீட்டில் வசிப்பவர்கள். தம்பி அண்ணனின் பிரதியில் திருட்டாட்டம் ஆடி மாட்டிக்கொண்டால் அண்ணனுக்கும் அந்த விளையாட்டில் தடை விழும். கூட்டுக்குடும்பத்தின் குணம் முழுசாக வந்துவிட்டது.

கூகுளும் 2016-ல் ஆறு பேர் என்றது. இசைச் சேவையான ஸ்பாட்டிஃபையும் அதே ஆண்டு தன் குடும்பத் திட்டத்தை ஆறு பேருக்கு ஒரே விலை என்று மாற்றியது. ஆனால் ஸ்பாட்டிஃபைக்குக் கார்டு உத்தி பலிக்கவில்லை. மாதக் கட்டணம் ஒன்றுதான், மேற்கொண்டு யாரும் எதையும் வாங்கப்போவதில்லை. நண்பர்கள் ஆறு பேர் ‘குடும்பமாகி’ பங்கு போட்டுக் கட்டினார்கள். 2018-ல் சில நாடுகளில் சந்தாதாரர்கள் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் சரிபார்க்க முயன்று, வசவு வாங்கிப் பின்வாங்கியது ஸ்பாட்டிஃபை. கார்டு போய், குடும்பத்தின் அடையாளமாக முகவரி வந்தது.

நெட்ஃப்ளிக்ஸின் கதை இன்னும் ருசியானது. ஒரே வீட்டாருக்குத்தான் என்று ஒப்பந்தத்தில் எப்போதோ எழுதியிருந்தாலும், பல ஆண்டுகள் அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது. 2013-ல் ஒரு அக்கவுண்டுக்குள் ஐந்து ‘புரொஃபைல்’ வைத்துக்கொள்ள வசதி கொடுத்தது. 2017 மார்ச்சில் அதன் ட்விட்டர் பக்கம், பாஸ்வேர்டைப் பகிர்வதே அன்பு என்கிற அளவுக்குக் கொஞ்சியது. எச்பிஓ தலைவராக இருந்த ரிச்சர்ட் பிளெப்ளர் 2014-லேயே, பாஸ்வேர்ட் பகிர்வைப் புதிய ரசிகர்களைப் பிடிக்கும் நல்ல விளம்பரம் என்கிற தொனியில் பேசியிருந்தார். வளரும் காலத்தில் எல்லாக் கடைக்காரர்களும் தாராளப் பிரபுக்கள்தான்.

2022 ஏப்ரலில் வளர்ச்சி நின்றது. பத்தாண்டுகளில் முதல் தடவையாகச் சந்தாதாரர்கள் இரண்டு லட்சம் பேர் குறைந்தார்கள் என்று நெட்ஃப்ளிக்ஸ் அறிவித்தது. பணம் கட்டும் 22 கோடிச் சொச்சம் வீடுகள் போக, கட்டாமல் பார்ப்பவை 10 கோடி வீடுகள் என்றும் அதே மூச்சில் சொன்னது. மறுநாள் பங்கு விலை 35 சதவீதம் சரிந்தது. பகிர்வு இப்போது அன்பு அல்ல, ஓட்டை. சிலி, பெரு, கோஸ்டாரிகாவில் ஏற்கெனவே தொடங்கியிருந்த சோதனை, 2023 மே மாதம் அமெரிக்காவில் அமல், வெளியாள் ஒருவருக்கு மாதம் 7.99 டாலர். இந்தியாவுக்கு 2023 ஜூலை 20 அன்று மின்னஞ்சல் வந்தது. இங்கே வெளியாளுக்குக் கூடுதல் காசு கட்டும் வழிகூட வைக்கவில்லை. உங்கள் வீட்டார் மட்டும், முடிந்தது. அவர்கள் போட்ட கணக்கு தப்பவும் இல்லை. 2024 முடிவில் சந்தா 30 கோடியைத் தாண்டியது.

வீடு என்பதை நெட்ஃப்ளிக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹாலில் இருக்கும் டிவி எந்த இணைப்பில் இருக்கிறதோ அது வீடு. அந்த இணைப்பில் ஒட்டும் சாதனங்கள் வீட்டார். தொலைபேசிக் கம்பியில் ஆரம்பித்த குடும்பம், பெட்டி, கார்டு, முகவரி என்று அலைந்து கடைசியில் வைஃபையில் வந்து நின்றது.

இந்த இடத்தில் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையேட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதன்படி ஒரு குடும்பம் என்பது வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்கள். அதோடு விடாமல், வேலை நிமித்தம் அப்படிச் சேர்ந்து சாப்பிட முடியாமல் போனாலும் அவர்கள் குடும்பத்தார்தான் என்று ஒரு விதிவிலக்கையும் சேர்த்திருக்கிறது. பெயர் தெரியாத அந்த அதிகாரி, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். நம் ஊரில் ரேஷன் கார்டுக்கும் தனிச் சமையல்தான் அளவுகோல். ஒரே உலையா, தனி உலையா என்று பார்ப்பதில் வாழ்க்கைக்கு நெருக்கமான ஏதோ ஒன்று இருக்கிறது. அது ரவுட்டருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரவு. சென்னை மேன்ஷன் அறையில் மகன் சுவரில் மாட்டிய டிவியில் நெட்ஃப்ளிக்ஸைப் போடுகிறான். இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை என்று திரை சொல்கிறது. தொடர்ந்து பார்க்க ஒரு நான்கு இலக்க எண் வேண்டும். அது அக்கவுண்டுக்காரருக்குப் போகும், அதற்கு ஆயுள் 15 நிமிடம். அக்கவுண்டுக்காரரான அப்பா காரைக்குடியில் எட்டரைக்கே படுத்துவிட்டார். அம்மாவுக்கு ஃபோன் போகிறது. “அப்பா ஃபோனை எடுத்துப் பாரும்மா, ஒரு நம்பர் வந்திருக்கும்.” கண்ணாடியைத் தேடுவதில் ஐந்து நிமிடம். ஆஸ்பத்திரி ரசீதுச் செய்தியில் இருந்த எண்ணை வாசித்ததில் நான்கு நிமிடம். “சாப்பிட்டியாடா?” என்ற கேள்வி, அதற்கான பதில், மருந்து விசாரிப்பு. எண் செத்துப்போகிறது. இன்னொன்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கணக்குப் பகிர்வு கடவுச்சொல்லில் ஆரம்பித்ததல்ல. கேபிள் டிவி வந்த புதிதில் ஒரு இணைப்பை ஸ்ப்ளிட்டர் போட்டு மாடிக்கும், பக்கத்தில் குடியிருந்த சித்தப்பா வீட்டுக்கும் இழுத்தார்கள். கேபிள்காரர் கம்பத்தில் ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவார். சில நாள் சண்டை, சில நாள் காபி. ஸ்மார்ட்ஃபோன் வந்தபோது பல வீடுகளில் முதல் ஜிமெயிலைப் போட்டுக் கொடுத்தவர் ஃபோன் கடைக்காரர். பாஸ்வேர்டும் அவர் வைத்ததே. அந்த ஒரு ஜிமெயிலில் தாத்தாவின் பக்திப் பாடலும் பேத்தியின் கார்ட்டூனும் மாமாவின் பங்குச்சந்தை வீடியோவும் கலந்து, யூடியூப் யாரைத் திருப்திப்படுத்துவது என்று திணறிக்கொண்டிருக்கும். வங்கிக் கணக்குக்கே இப்போது பகிர்வு வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட யூபிஐ சர்க்கிளில், ஒருவருடைய கணக்கிலிருந்து ஐந்து பேர் வரை செலவு செய்யலாம். ஒவ்வொரு செலவுக்கும் கேட்காமல் முழு அனுமதி கொடுத்தால் ஒரு ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் வரை. ஆப்பிள் கார்டில் கண்டுபிடித்த குடும்பத்தின் இந்தியப் பதிப்பு இது. இரண்டிலும் நம்பிக்கைதான் பிணை.

எல்லா இலக்கணமும் தடுக்கி விழுவது சாவில். 2012 செப்டம்பரில், தன் பாட்டுத் தொகுப்பை மகள்களுக்கு விட்டுச்செல்ல உரிமை கேட்டு நடிகர் புரூஸ் வில்லிஸ் ஆப்பிள் மேல் வழக்குப் போடப்போகிறார் என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதி, உலகமே அதைத் திருப்பி எழுதியது. செய்தி பொய் என்று அவர் மனைவி மறுநாளே சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தப் பொய் எழுப்பிய கேள்வி நிஜம். வாங்கிய ஆப்பிள் பாட்டு அவரவர் ஆயுளோடு முடிகிற அனுமதி என்று பலர் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான். 2021 டிசம்பரில் ஆப்பிள், இறந்த பிறகு அக்கவுண்டைத் திறக்க ஒரு வாரிசை நியமிக்கும் வசதியைக் கொடுத்தது. அந்த வாரிசுக்குப் புகைப்படம் கிடைக்கும், எழுதிவைத்த குறிப்பு கிடைக்கும். வாங்கிய பாட்டும் படமும் புத்தகமும் கிடைக்காது. ஸ்டீம் அக்கவுண்டை உயிலில் எழுதலாமா என்று 2024-ல் ஒருவர் கேட்டபோது, முடியாது என்று பதில் வந்தது.

எனவே குடும்பங்கள் தங்கள் வழியிலேயே போகின்றன. அப்பாவின் டைரியில் கடைசிப் பக்கம். எல்ஐசி பாலிசி எண், கேஸ் இணைப்பு எண், பால்காரர் பாக்கி, அதன் கீழே மூத்த பேரனின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து எழுதிய ஒரு பாஸ்வேர்ட். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. எண் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது அவருடைய ஃபோனுக்குத்தான் போகிறது. மகன் மாதா மாதம் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறான்.